14 நிமிடம் 54 நொடி

ஜி. லட்சுமணன் ஓடியதில் எது உயர்ந்தது என்று பேச்சு வந்தால், ஓட்டம் தெரிந்தவர்கள் லண்டனைத்தான் சொல்வார்கள். 2017 ஆகஸ்ட், உலகச் சாம்பியன்ஷிப், 5000 மீட்டர் தகுதிச் சுற்று, 13:35.69. அதுவரை அவர் ஓடியதிலேயே வேகமான நேரம். அதற்கு ஒரு மாதம் முன்பு, புவனேஸ்வரம் கலிங்கா மைதானத்தில் ஆசியச் சாம்பியன்ஷிப் தங்கத்தை அவர் வென்ற நேரம் 14:54.48. ஏறக்குறைய 79 நொடி கூடுதல். எனக்கு அந்த 14:54தான் உசத்தி.

காரணம் சொல்கிறேன். ஜூலை மாதத்துப் புவனேஸ்வரம், மழைக்காலத்துக் காற்று. அந்தக் காற்றில் வியர்வை உலராது, ஒழுகும். ஒழுகுகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, ஆவியாகிற வியர்வைதான் குளிர்விக்கும். காலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குத் திரும்பிவிடுகிறது. இதயம் அதே வேகத்துக்குக் கூடுதலாக அடிக்கிறது. அப்படிப்பட்ட மாலையில் 5000 மீட்டர் வென்றவர், மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் 10,000 மீட்டரையும் 29:55.87-இல் வென்றார். வயநாட்டு கோபி இரண்டாவது. அதே கோபி அந்த நவம்பரில் சீனாவின் டோங்குவானில் ஆசிய மராத்தான் பட்டம் வென்றவர், லேசான ஆள் இல்லை.

இந்த இரண்டு நேரங்களையும் சுற்றுச் சுற்றாக வகுத்துப் பாருங்கள். 5000-இல் சுற்றுக்கு 71.6 நொடி, 10,000-இல் 71.8. தூரம் இரட்டிப்பாகியும் சுற்றின் வேகம் அப்படியே நிற்கிறது. லண்டனில் இதே மனிதர் சுற்றுக்கு 65 நொடி ஓடியிருக்கிறார். புவனேஸ்வரத்தின் முதல் நாள் ஓட்டம் தந்திர ஓட்டம், எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போனார்கள், அதில் என்ன கலை என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. பட்டத்துக்கான ஓட்டத்தில் தந்திரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் இந்தக் காற்று எவ்வளவு கொடுக்கும், அதில் இன்று எவ்வளவு எடுக்கலாம், மூன்று நாள் கழித்து வருவதற்கு எவ்வளவு மிச்சம் வைக்கலாம் என்று தெரிந்து ஓடுவதும் தந்திரம்தான். அந்தக் கணக்கைக் காலிலேயே வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

புதுக்கோட்டையில் லோகநாதனின் பயிற்சியில் வளர்ந்தவர் அவர். எல். சூர்யாவும் அங்கிருந்து வந்தவர்தான். 2016 குவாஹாத்தி தெற்காசியப் போட்டியில் சூர்யா 5000, 10,000 இரண்டிலும் தங்கம் எடுத்தார். புதுக்கோட்டை வெயிலில் தூரம் சேர்த்தவர்களுக்குப் புவனேஸ்வரத்தின் புழுக்கம் புதிதாக இருந்திருக்காது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓடுபாதையின் உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததற்காக லட்சுமணனின் வெண்கலம் பறிபோனது. அந்த மாலையை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் ஓடுகிறவர்களுக்குப் புழுக்கத்தைப் பற்றி நான் சொல்வது உடனே புரியும். வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் கூட்டுரோடு வரை விடியற்காலை நாலரைக்கு ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாளின் குளிர்ச்சியான நேரம் அதுதான், காற்றில் ஈரம் அதிகமான நேரமும் அதுதான். மழையே இல்லாமல் பத்துக் கிலோமீட்டரில் ஷூவுக்குள் சளக் சளக்கென்று சத்தம் வந்துவிடும். நைட் ஷிப்ட் முடித்து வரும் கம்பெனி பஸ்கள், ஓரத்தில் வரிசையாக நிற்கும் டிரெய்லர் லாரிகள், அவற்றின் டீசல் சூடு. இங்கே தூரம் சேர்ப்பது ஒரு தனிப் படிப்பு.

ஓர் ஐப்பசி ஞாயிறு, இந்தப் பக்கத்தில் நடந்த அரை மராத்தான். துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பி ஷிப்ட் பார்க்கும் தம்பி ஒருவன் ஓடினான். வாரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்த காலம் அது. பந்தயத்துக்கு முன் தூரத்தைக் குறைக்கும் டேப்பர் கிடையாது, முந்தின நாள் ஓய்வும் கிடையாது. பயிற்சியின் நடுவில் இதையும் ஒரு நாளாக ஓட வந்தவன். மற்றவர்கள் சர்வீஸ் ரோட்டுத் தண்ணீருக்குப் பயந்து டிவைடர் பக்கமும் மண் பக்கமுமாகத் தாவினார்கள். அவன் ரோட்டின் முதுகிலேயே ஓடினான். தார் ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும், தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவிடும். நடுவில் ஓடினாலும் வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு தடவைகூட அவன் கால் படவில்லை. நனைந்த பெயின்ட் எண்ணெய்போல் வழுக்கும். காலடியின் நீளத்தைக் குறைத்து, பாதத்தை உடம்புக்கு நேர் கீழே தட்டையாக வைத்து, உந்துவதைப் பாதியாக்கிக்கொண்டான். தோள் இறங்கியே இருந்தது. லாரி ஒன்று சேற்றை அடித்துவிட்டுப் போனபோதும் மூச்சின் தாளம் கெடவில்லை. முடிந்ததும் “நேரம் என்னப்பா?” என்று கேட்டேன். “பாக்கலண்ணே. கால்ல இன்னும் இருக்கு” என்றான். மறுநாள் காலையும் ஓடப் போனான்.

நல்ல வானிலையில் நல்ல நேரம் ஓடுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மும்பையின் ஜனவரிக் காலைக்கும் டெல்லியின் அக்டோபருக்கும் டிக்கெட் போட்டு, கார்பன் தகடு வைத்த ஷூவோடு போகிறவர்களின் சந்தோஷம் நியாயமானது. ஆனால் அங்கே ரசிப்பதற்குக் கடிகாரம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. மழையிலும் புழுக்கத்திலும் ஓடுகிறவரின் முடிவுகள் ஒவ்வொன்றும் வெளியே தெரிகின்றன. 2018 பாஸ்டன் மராத்தானில் கொட்டும் குளிர்மழையிலும் எதிர்க்காற்றிலும் பெரிய பெயர்கள் பாதியில் விலகியபோது, யுகி கவாவுச்சி 2:15:58-இல் வென்றார். அப்போது அவர் ஜப்பானின் சைத்தாமா மாகாண அரசு ஊழியர். வேலைக்குப் போய்க்கொண்டே ஓடினார், பந்தயங்களையே பயிற்சியாக வைத்திருந்தார். ஷிப்ட் பார்த்துக்கொண்டு ஓடும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் அது.

இங்கே நடக்கும் பந்தயங்களின் போக்குதான் வருத்தம் தருகிறது. முன்பு பத்துக் கிலோமீட்டர் என்றால் ஓடுகிறவர்கள் வந்தார்கள். இப்போது ஜும்பா ஆட்டம், செல்ஃபி பலகை, ஓடி முடிக்கும் முன்பே ஆளுக்கொரு மெடல். புயலுக்கும் இடிமின்னலுக்கும் தள்ளிவைப்பது சரி, அதில் விளையாடக் கூடாது. சாதாரண மழைக்கே ‘ரத்து’ என்று முந்தின இரவு மெசேஜ் வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. வருகிறவர்களும் வாட்ச் சொல்லும் வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், ஏழாவது கிலோமீட்டரில் நடக்கிறார்கள். அன்றைய காற்று எப்படி இருக்கிறது என்று வாசலில் நின்று பார்க்கிற பழக்கமே போய்விட்டது.

ஜப்பானில் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் குன்மா மாகாணத்தில் கம்பெனி அணிகளின் தொடரோட்டம் நடக்கிறது. ஏழு பேர், சுமார் 100 கிலோமீட்டர். ஹோண்டா, டொயோட்டா மாதிரி கம்பெனிகள் ஓட்டக்காரர்களை வேலைக்கு எடுத்து அணி வைத்திருக்கின்றன. கார், பைக், லாரி, கண்ணாடி, செல்போன் என்று எல்லாம் செய்யும் நம் பகுதியில் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை, ஓடுகிற பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கு நல்ல ரோடு இருக்கிறது. ஆலை நிர்வாகங்கள் சேர்ந்து ஐப்பசியிலோ கார்த்திகையிலோ அந்த ரோட்டில் ஒரு தொடரோட்டம் நடத்த வேண்டும். ஏ ஷிப்ட் பஸ் வருவதற்குள் முடியும்படி வைக்கலாம். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அணியில் இடம் வேண்டும். மழை பெய்தாலும் நடத்த வேண்டும்.