முதலாளி மாறினால் பாலிசிதாரர் மாறுவாரா?

1985-இல் இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தில் 25 ஆண்டு ஆயுள் பாலிசி எடுத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அன்று அது அரசுக் கூட்டுத்தாபனம். 1993-இல் கம்பெனியானது. 2003-இல் தனியார் கைக்கு விற்கப்பட்டது. 2009 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த விற்பனையே செல்லாதென்று சொல்ல, மறுபடி அரசிடம் வந்தது. அவர் கட்டிய தவணை அதேதான். பணம் தர வேண்டியவர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தியாவில் கதை வேறு. வாடிக்கையாளர் பணத்தை முதலாளிகள் சொந்தத் தொழிலுக்குத் திருப்பிவிட்ட அனுபவத்துக்குப் பின், 1956-இல் 245 நிறுவனங்களையும் சேமநலச் சங்கங்களையும் சேர்த்து எல்.ஐ.சி. உருவானது. அதை உருவாக்கிய சட்டத்தின் 37-ஆவது பிரிவு, பாலிசித் தொகைக்கும் அறிவித்த போனஸுக்கும் மத்திய அரசே பொறுப்பு என்கிறது. மார்ச் மாதம் வரிக்கழிவுக்காக வீடு தேடி வரும் ஏஜென்ட் பிரிவு எண்ணைச் சொல்வதில்லை. “கவர்மென்ட்டு சார், பயமில்லை” என்பார். அது போதும். 2000-இல் தனியாருக்குக் கதவு திறந்து கால் நூற்றாண்டாகியும் ஆயுள் காப்பீட்டில் எல்.ஐ.சி.யே முதலிடம்.

இலங்கையில் 1980-களின் பிற்பகுதியில் தனியார் வந்தார்கள். 2004 முதல் ஆயுள் காப்பீட்டில் முன்னணியில் நிற்பது செலிங்கோ லைஃப் என்ற தனியார் நிறுவனம். அரசு என்ற பெயரே வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் என்றால் இது நடந்திருக்காது. அந்தப் பெயருக்குப் பின்னால் கைவிடாத, எழுத்திலுள்ள உறுதி வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

வாகனக் காப்பீடு குறுகிய கால விவகாரம். அங்கே உடைமை பின்னுக்குப் போய்விடுகிறது. கொழும்பில் கார் இடித்தால் கம்பெனி ஆள் இடத்துக்கே வந்து படமெடுத்து, சிறு சேதமென்றால் அங்கேயே கணக்கைத் தீர்க்கிறார். இதைப் பார்த்தவர் முதலாளி யாரென்று விசாரிப்பாரா? இந்தியாவிலும் ஷோரூமில் வண்டியோடு சேர்த்துக் கொடுக்கும் பாலிசியைத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உள்ளிட்ட அரசு நிறுவனங்கள் இந்தச் சந்தையில் தனியாரிடம் நிறையவே இழந்துவிட்டன.

ஆயுள் காப்பீட்டுக்கே திரும்பினால், 2022 மே மாதம் எல்.ஐ.சி.யின் 3.5 சதவீதப் பங்குகள் விற்கப்பட்டபோது பாலிசிதாரர்களுக்குப் பங்குக்கு 60 ரூபாய் தள்ளுபடி கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிய செய்தி, அந்த விற்பனையிலும் 37-ஆவது பிரிவில் கைவைக்கவில்லை என்பதே.