மூளைப் படத்தில் வண்ண நூல்கள்

மூளையின் வண்ணப் படம் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். சிவப்பு, பச்சை, நீலம் என நூல்கள் கட்டுக்கட்டாக ஓடும். தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியை அறிந்தவர்களுக்குச் சாயமேற்றிய பட்டு நூல் நினைவுக்கு வரும். மனச்சிதைவு நோய் பற்றிய கட்டுரைகளில் இப்படம் இப்போது அடிக்கடி இடம்பெறுகிறது. மூளைக்குள் கம்பி அறுந்துவிட்டது என்ற பொருளில் விளக்கமும் உடன் வருகிறது. படம் அழகானதே, விளக்கந்தான் பிழையானது. எப்படி என்று பார்ப்போம்.

மூளையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகளின் தொகுதியே வெண்பொருள். இழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்னும் கொழுப்புறையே அதற்கு வெண்ணிறம் தருகிறது. இழைக்குள்ளும் இழைகளுக்கிடையிலும் உள்ள நீர் மூலக்கூறுகள் குறுக்கே பரவுவதைவிட நெடுக்கே எளிதாகப் பரவும். எம்.ஆர்.ஐ. கருவி அளப்பது இந்தப் பரவலைத்தான். எத்திசையிலும் ஒரே அளவாகப் பரவினால் 0. ஒரே திசையில் மட்டும் பரவினால் 1. இதற்குத் திசைச்சார்பு அளவு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஆகவே, படத்தில் தெரிபவை இழைகளின் நேரடிப் புகைப்படம் அல்ல. நீரின் போக்கைக் கொண்டு கணிப்பொறி வரைந்த கோடுகள். சிவப்பு என்றால் புண் என்று அஞ்ச வேண்டா. சிவப்பு இடவலமாகவும், பச்சை முன்பின்னாகவும், நீலம் மேல்கீழாகவும் செல்லும் இழைகளைக் குறிக்கும். நிறம் திசையைச் சொல்கிறதே தவிர நோயைச் சொல்லவில்லை.

அப்படியானால் வெண்பொருளில் மாற்றமே இல்லையா? உண்டு. 29 ஆய்வுகளைச் சேர்த்து 2018இல் ஒரு பன்னாட்டுக் குழு அறிக்கை வெளியிட்டது. நோயாளிகள் 1,963 பேர். நோயற்றவர்கள் 2,359 பேர். ஆராய்ந்த 25 பகுதிகளில் 20இல் நோயாளிகளின் சராசரித் திசைச்சார்பு குறைந்திருந்தது. மருந்து தொடங்காத தொடக்கநிலை நோயாளிகளிடமும் சில ஆய்வுகள் இத்தகைய குறைவைக் கண்டுள்ளன. ஆனால் எந்தப் பகுதியில் என்பதில் அவை ஒத்துப்போகவில்லை.

இங்கே "சராசரி" என்ற சொல்லைக் கவனியுங்கள். நோயாளி ஒருவரையும் நோயற்ற ஒருவரையும் குலுக்கலில் எடுத்து ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். அந்த அறிக்கையின் வேறுபாட்டு அளவுப்படி, 100 இணைகளில் ஏறத்தாழ 62இல் நோயாளியின் அளவு குறைந்திருக்கும்; 38இல் அவருடைய அளவே மிகுந்திருக்கும். வேறுபாடே இல்லாவிட்டாலும் 50 வந்திருக்குமே! மேலும், வயது, படமெடுக்கும்போது தலை அசைதல், இழைகள் ஒன்றையொன்று குறுக்கிடுதல் ஆகியவையும் இந்த அளவைக் குறைக்கும். அளவு குறைந்தது என்பதிலிருந்து இழை அறுந்தது என்ற முடிவுக்கு எப்படித் தாவ முடியும்?

இது வெறும் சொற்பிழை அன்று. பாலக்கோட்டிலோ அரூரிலோ ஒரு கல்லூரி மாணவன் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். யாரோ தன்னைப் பேசுவதாகக் குரல் கேட்கிறது; உறக்கமில்லை; நண்பர்களை விட்டு விலகுகிறான். கடன் வாங்கிப் படம் எடுக்கிறார்கள். "மூளையில் ஒன்றுமில்லை" என்று முடிவு வந்தால், நோயே இல்லையென்று வீடு திரும்புவார்கள். கம்பி அறுந்தது என்று நம்பினாலோ, இனி மருந்தால் என்ன பயன் என்று சோர்ந்துபோவார்கள். இரண்டிலும் கழிவது மருத்துவம் தொடங்க வேண்டிய மாதங்கள். கட்டி போன்ற வேறு காரணங்களை விலக்க மருத்துவர் படம் கேட்கலாம்; அது வேறு செய்தி. மனச்சிதைவு நோயை அறிவது நோயாளியிடமும் வீட்டாரிடமும் பொறுமையாகக் கேட்டறிந்துதான்.

1981இல் சென்னையில் முதன்முறையாக நோயுற்ற 90 பேரை மருத்துவர்கள் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். மருத்துவர் தாரா முதலியோர் 20 ஆண்டுகள் அப்பணியைத் தொடர்ந்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல மாயக்குரல்களும் பிரமைகளும் குறைந்ததை அவர்கள் பதிவு செய்தார்கள். அறுந்த கம்பியின் கதையா இது? அந்த 90 பேரில் ஒருவரையும் கண்டறிய வண்ண நூல் படம் தேவைப்படவில்லை. அம்முறையே 1990களில்தான் பிறந்தது.

வண்ணப் படம் ஆய்வாளருக்கு நல்ல கருவி. அதை வெளியிடுவோர் அதனடியில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: இது சராசரி, இதைக் கொண்டு தனி ஒருவரின் நோயை முடிவு செய்ய இயலாது. நீங்களோ, அறிகுறிகளைக் கண்டவுடன் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவசத் தொலைபேசியிலும் கேட்கலாம். படத்துக்காகக் காத்திருக்க வேண்டா.