காலடி: பிறந்த ஊர் உருவான கதை – ஒரு விமர்சனக் குறிப்பு

காலடி பற்றித் தமிழில் வருகிற ஆன்மிகச் சுற்றுலாக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாம் ஒரே அச்சு. ஆதிசங்கரர் அவதரித்த புண்ணிய பூமி, பூர்ணா நதி, முதலை காலைப் பிடித்த படித்துறை, சாரதை சன்னதி, கீர்த்தி ஸ்தம்பம், நடை திறக்கும் நேரம், தங்கும் வசதி. முடிந்தது. வாசித்து முடித்தால் ஆயிரத்து இருநூறு வருஷமாக அங்கே இதெல்லாம் அப்படியே இருந்து வருகிறது என்கிற எண்ணம்தான் மனசில் நிற்கும்.

அது உண்மை இல்லை. அந்த எண்ணத்தால் நமக்கு நஷ்டமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் காலடியைக் குறை சொல்ல வரவில்லை. இரண்டு முறை போயிருக்கிறேன், மறுபடியும் போவேன். என் சண்டை காலடியோடு இல்லை, காலடியை நமக்குச் சொல்லிக்கொடுக்கிற விதத்தோடு.

எது எப்போது வந்தது

ஊர் எர்ணாகுளம் மாவட்டத்தில் பெரியாற்றின் கரையில் இருக்கிறது. கோவையிலிருந்து ரயிலில் போனால் இறங்க வேண்டிய ஸ்டேஷனின் பெயரே 'அங்கமாலி ஃபார் காலடி'. அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான்.

இன்று யாத்திரிகர்கள் பார்க்கிறவற்றைக் காலவரிசையில் அடுக்கிப் பாருங்கள். பழையது கிருஷ்ணன் கோயில். சங்கரரின் குலதெய்வம் என்று மரபு சொல்வது இதைத்தான். தள்ளாத வயதில் ஆற்றுக்கு நடந்துபோய்க் குளிக்க முடியாமல் மயங்கி விழுந்த தாய்க்காக, பிள்ளை வேண்டிக்கொள்ள, ஆறே வீட்டுப் பக்கம் திரும்பி வந்தது என்ற கதை இந்தக் கோயிலோடு சேர்ந்தது. மலையாளத்தில் காலடி என்றால் பாதம். ஊர்ப்பெயரையும் அந்தக் கதையோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள்.

அடுத்தது 1910. சாரதைக்கும் சங்கரருக்கும் தனித்தனிச் சன்னதி கட்டிப் பிரதிஷ்டை செய்தது அந்த வருஷம்தான். செய்தவர் சிருங்கேரி சாரதா பீடத்தின் 33-வது பீடாதிபதி சச்சிதானந்த சிவாபிநவ நரசிம்ம பாரதி. காலடி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மூலம் திருநாள் மகாராஜாவின் காலம். இடத்தை அடையாளம் கண்டு, சமஸ்தானத்தின் ஒத்துழைப்போடு நிலத்தைப் பெற்று, கோயில் எழுப்பினார்கள். இரண்டு சன்னதிகளுக்கும் நடுவே சங்கரரின் தாய் ஆர்யாம்பாளின் சமாதி என்று வழிபடுகிற இடம் இருக்கிறது.

1936-இல் சுவாமி ஆகமானந்தர் அத்வைத ஆசிரமம் தொடங்கினார். 1954-இல் ஸ்ரீ சங்கரா கல்லூரி வந்தது. 1978-இல் காஞ்சி காமகோடி மடத்தின் கீர்த்தி ஸ்தம்ப மண்டபம்: எட்டு நிலை, 152 அடி உயரம், வாசலில் இரண்டு யானைச் சிலைகள். உள்ளே ஏற ஏறச் சங்கரரின் வாழ்க்கை சுவரில் புடைப்புச் சிற்பங்களாக வருகிறது. 1993-இல் சமஸ்கிருதப் பல்கலைக்கழகம்.

ஆக, யாத்திரிகர் பார்க்கிற காலடியில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டினுடையது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு மடாதிபதி நூல்களை வாசித்து, உள்ளூர் மரபைக் கேட்டு, ஓர் அரசையும் சம்மதிக்க வைத்து, தன் குருபரம்பரையின் முதல் ஆளுக்கு அவர் ஊரில் ஓர் இடம் உண்டாக்கியிருக்கிறார். எனக்கு அது 'அநாதி காலமாக' என்பதைவிடச் சுவாரசியமான கதை. நான் வாசித்த கட்டுரைகளில் 1910 என்ற எண்ணைச் சொன்னவை இரண்டோ மூன்றோதான். சொன்னவையும் அதை 'புனருத்தாரணம்' என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துவிட்டன.

ஆதாரம் என்ன?

சங்கரர் காலடியில்தான் பிறந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? அவர் தன் ஊரையோ பெற்றோரையோ தன் உரைகளில் சொல்லவில்லை. உரைகளின் முடிவுக் குறிப்பில் குரு கோவிந்த பகவத்பாதரின் பெயர் வருகிறது. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட 'சங்கர விஜயம்' வகை நூல்களிலிருந்து வருகிறது. அதிகம் வாசிக்கப்படும் மாதவீய சங்கர விஜயம் ஊர் காலடி, தந்தை சிவகுரு என்று சொல்கிறது. அனந்தானந்தகிரியின் பெயரில் வழங்கும் நூலோ அவர் சிதம்பரத்தில் பிறந்தவர் என்கிறது. தமிழ்க் கட்டுரையாளர்கள் யாரும் இதைத் தொட மாட்டேன் என்கிறார்கள். ஏனென்று தெரியவில்லை, நம்ம ஊர் சம்பந்தப்பட்ட விஷயம் வேறு!

கேரளத்துக்குள்ளேயே இன்னொரு மரபும் உண்டு. எர்ணாகுளம் மாவட்டத்திலேயே வெளியநாடு என்ற ஊரில் மேல்பாழூர் மனை இருக்கிறது. அது சங்கரரின் தாய்வழி வீடு, அவர் பிறந்ததே அங்கேதான் என்பது அந்த மரபு. அந்த மனை இப்போது சின்மயா மிஷனின் பொறுப்பில் 'ஆதி சங்கர நிலையம்' ஆகியிருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது நம்ம பக்கமும் வழக்கம்தானே. அந்த வகையில் இரண்டு ஊரும் ஒன்றையொன்று பொய்யாக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

முடிவும் அப்படித்தான். கேதார்நாத் என்கிறது மாதவீயம், காஞ்சிபுரம் என்கிறது காஞ்சி மரபு, திருச்சூர் வடக்குநாதன் கோயிலுக்குள்ளேயே ஒரு சங்கரர் சமாதியைக் காட்டுகிறது கேரள மரபு. காலம்? 788 – 820 என்பது நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆய்வாளர்களில் பலர் அவரை இன்னும் கொஞ்சம் முன்னால், எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குக் கொண்டுபோகிறார்கள். சில மடங்களின் மரபு கி.மு. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது.

இதையெல்லாம் சொன்னால் பக்தி குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள் போல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதரைத் தன் ஊர்க்காரர் என்று சொல்ல இத்தனை ஊர்கள் போட்டி போட்டிருக்கின்றன என்பது அவரைப் பற்றிய பெரிய செய்தி இல்லையா?

கதையில் எதை விட்டுவிடுகிறோம்

இரண்டாவது முறை காலடிக்கு என் அம்மாவோடு போனேன். அவருக்கு முழங்கால் வலி. கீர்த்தி ஸ்தம்பத்தில் பாதி ஏறினதுமே உட்கார்ந்துவிட்டார். சுவரில் இருந்த சிற்பங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஏன் கண்ணு, இந்தப் பையன் அவங்கம்மாவ எரிச்ச எடம் எங்க இருக்குது?"

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. சங்கரர் வாழ்க்கையில் காலடிக்கு மட்டுமே சொந்தமான நிகழ்ச்சிகள் சிலதான். பிறப்பு, முதலை, தாயின் மரணம். முதலைக்குப் படித்துறை இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை ஆற்றில் முதலை பிடித்த நேரத்தில் அம்மாவிடம் சந்நியாசத்துக்குச் சம்மதம் வாங்கினான் என்பது எல்லோருக்கும் பிடித்த கதை. மூன்றாவதைப் பற்றிச் சுற்றுலாக் கட்டுரைகள் ஒரு வரிதான் எழுதும்: 'தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி திரும்பி வந்து அந்திமக் கிரியைகளைச் செய்தார்.'

மரபு சொல்கிற கதை அவ்வளவு மென்மையாக இல்லை. சந்நியாசிக்குச் சடங்கு செய்யும் உரிமை கிடையாது என்று ஊர் நம்பூதிரிகள் மறுத்தார்கள். தூக்க ஆள் வரவில்லை. நெருப்புகூடக் கொடுக்கவில்லை. சங்கரர் வீட்டு வளாகத்திலேயே சிதை அடுக்கித் தாயைத் தகனம் செய்தார். இரண்டு வீட்டார் மட்டும் உதவினார்கள், தலைப்பக்கம் பிடித்தவர்கள் தலையாட்டும்பிள்ளி, கால்பக்கம் பிடித்தவர்கள் காப்பிள்ளி என்று வீட்டுப்பெயர்களுக்கே உள்ளூரில் விளக்கம் உண்டு. மாதவீயம் இன்னும் ஒரு படி மேலே போய், சங்கரர் ஊராரைச் சபித்தார் என்கிறது: உங்கள் வீட்டருகேயே உங்களுக்கும் சுடுகாடு அமையட்டும் என்று. நம்பூதிரிகள் வீட்டு வளாகத்திலேயே தகனம் செய்யும் வழக்கத்துக்கு இந்தச் சாபத்தைக் காரணமாகச் சொல்வார்கள்.

இது வரலாறா என்று கேட்டால், நிரூபிக்க முடியாது. ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு வந்தது அதே மரபுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். தங்கள் ஊரே தங்கள் மகானை ஒதுக்கிவைத்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. மறைக்கிறது நாம்தான், அழகான பயணக் கட்டுரை எழுதுகிற நாம்.

அம்மாவைச் சமாதிக்குக் கூட்டிப்போனேன். சின்ன இடம், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "எங்கம்மாவுக்கு என்னைய உடலியே." என் அமுச்சிக்கு ஆண் வாரிசு இல்லை. கொள்ளி வைத்தது ஒரு பங்காளி வீட்டுப் பையன். ஒரே மகளான அம்மா வாசலோடு நிறுத்தப்பட்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அதுவரை அவர் அதைப் பற்றி என்னிடம் பேசினதே இல்லை.

'வாக்கின்படி கிரியைகளைச் செய்தார்' என்ற வரியை மட்டும் வாசித்துவிட்டு வந்திருந்தால் அம்மாவுக்கு அந்த இடம் இன்னொரு சன்னதி, அவ்வளவுதான். உரிமை இல்லை என்று ஊர் சொன்ன பிறகும் செய்தார் என்ற கதையை அவர் சின்ன வயதில் கேட்டிருந்தார். அதனால்தான் அங்கே நின்றார். நஷ்டம் என்று நான் மேலே சொன்னது இதைத்தான்.

தத்துவம் எங்கே?

இன்னொரு குறை. தத்துவவாதியின் ஊருக்குப் போய்விட்டுத் தத்துவத்தைத் தொடாமலே திரும்பிவிடலாம் என்கிற நிலை. சங்கரர் அற்புதங்கள் செய்தார் என்று தெரிந்துகொள்கிறோம். ஏழைப் பெண் கொடுத்த நெல்லிக்காய்க்குப் பதிலாகத் தங்க மழை பெய்த கதை, அதை ஒட்டி கிருஷ்ணன் கோயிலில் அட்சய திருதியை சமயத்தில் நடக்கும் கனகதாரா யக்ஞம் எல்லாம் கட்டுரைகளில் விரிவாக வருகின்றன. பிரம்மசூத்திர உரை எதைப் பற்றியது என்று ஒரு பத்தி? இல்லை.

அந்த உரைக்குள் போனால் சங்கடங்களும் இருக்கின்றன. முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் சூத்திரர்களுக்கு வேதம் கற்கும் உரிமை இல்லை என்ற இடத்துக்கு சங்கரர் மறுப்பு எழுதவில்லை, ஒப்புக்கொண்டு உரை எழுதுகிறார். இதிகாச புராணங்கள் வழியாக அவர்கள் ஞானம் பெறலாம் என்று மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்துவைக்கிறார். காசியில் சண்டாளரிடம் பாடம் கற்ற கதையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வது, எந்தப் பக்கம் நின்று சொன்னாலும், அரைகுறைதான்.

இதே பெரியாற்றில் கீழே போனால் ஆலுவா. காலடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே 1913-இல் ஸ்ரீ நாராயண குரு அத்வைத ஆசிரமம் தொடங்கினார். காலடியில் பிரதிஷ்டை நடந்து மூன்றே வருஷம். 1924-இல் அதே ஆசிரமத்தில் சர்வமத சம்மேளனம் நடத்தினார். ஈழவக் குடும்பத்தில் பிறந்த குரு, திருவிதாங்கூரில் 1936 ஆலயப் பிரவேச விளம்பரம் வருவதற்கு இருபத்து மூன்று வருஷம் முன்னால், அதே அத்வைதத்தை எடுத்துக்கொண்டு அப்படியானால் சாதி எங்கே நிற்கும் என்று கேட்டவர். சங்கரரின் தத்துவத்தைச் சங்கரர் போகாத தூரத்துக்குக் கொண்டுபோனவர் என்று நான் சொல்வேன். காலடிப் பயணத்தில் ஆலுவாவைச் சேர்த்துச் சொன்ன தமிழ்க் கட்டுரை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

எதிர்த் திசையில், ஆற்றுக்கு மேலே, மலையாற்றூர் இருக்கிறது. புனித தோமாவின் மலை. பெரிய வெள்ளி சமயத்தில் சிலுவை தூக்கிக்கொண்டு மலை ஏறும் கூட்டத்தில் நிறையப் பேர் காலடி வழியாகத்தான் நடந்து போகிறார்கள். ஒரே ஆற்றங்கரை, மூன்று யாத்திரை. இதுவும் அந்த மண்ணின் பாரம்பரியம்தான்.

போகிறவர்களுக்கு

என் யோசனை எளிமையானது. போவதற்கு முன் மாதவீய சங்கர விஜயத்தின் ஏதாவது ஒரு நல்ல மொழிபெயர்ப்பில் தாயின் மரணம் வரும் பகுதியை மட்டும் வாசியுங்கள். கிருஷ்ணன் கோயிலில் தொடங்குங்கள், பழையது அதுதான். 1910 சன்னதிகளை 1910 சன்னதிகளாகப் பாருங்கள், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. சமாதியில் கொஞ்சம் நில்லுங்கள். கீர்த்தி ஸ்தம்பம் முழங்கால் நல்லா இருக்கிறவர்களுக்கு. நேரம் இருந்தால் சாயங்காலம் ஆலுவா போய்விடுங்கள்.

அடுத்து சிதம்பரம் மரபைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுதலாம் என்றிருக்கிறேன். இந்தத் தடவை எங்கே போறே என்று அம்மா இப்பவே கேட்கிறார்.