திருவாசகமும் இளையராஜாவின் இசையும்

போடிநாயக்கனூரினின்று மலையடிவாரத்தை ஒட்டித் தெற்கே செல்வார்க்குத் தேவாரம் என்னும் ஊர் எதிர்ப்படும். மூவர் பாடல் பெற்ற தலமன்று. பெயர் அவ்வாறு வாய்த்தது. அதனை அடுத்துள்ளது பண்ணைப்புரம். மேலே ஏலத்தோட்டங்கள் பரந்த சரிவு. 1943-ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்த இளையராஜா, இளமையில் தமையனார் பாவலர் வரதராசனாரோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளிற் பாடியவர். 1958-இல் நிகழ்ந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைத்தோட்டத் தொழிலாளரிடையே முழங்கியவை அத்தமையனார் பாடல்களே. பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்று, கித்தார் வாசிப்பவராய்ப் பிறர் குழுக்களில் இருந்து, 1976-இல் 'அன்னக்கிளி'யால் நாடறிய நின்றார். ரமண மகரிஷிகள்பால் அன்பு பூண்டு 'ரமண மாலை' பாடிய அவர், 2005-இல் திருவாசகத்தின் ஆறு பகுதிகளைப் புடாபெஸ்ட் நகரக் கருவியிசைக் குழுவினரைக் கொண்டு இசைத்து வெளியிட்டார்.

மேனாட்டு ராக் இசைவாணருள்ளும் இத்தகைய திருப்பம் உண்டு. ஜார்ஜ் ஹாரிஸன் 1968-இல் ரிஷிகேசம் சென்றார். 1970-இல் வெளிவந்த தம் பாடலொன்றில் கிறித்தவர் துதிமொழியையும் கண்ணன் நாமத்தையும் ஒருங்கே பல்லோர் குரலில் ஒலிப்பித்தார். அவர் சென்றடைந்தது பிற நாட்டார் நெறி. இளையராஜா சேர்ந்தது தம் தாய்மொழி மறை. ஆகலின் இவர்பால் எதிர்பார்த்தற்குரியதும் மிகுதி.

திருவாசகத்திற்கு மேனாட்டுக் கருவிகள் ஏலா என்று கூறுவர் ஒருசாரார். தேவாரத்திற்குப் போலத் திருவாசகத்திற்குப் பண்வகுப்பு இல்லை. ஓதுவார்கள் மோகனத்திற் பாடிவருதல் மரபேயாம். மரபு போற்றத்தக்கதே, எனினும் மீறப்பட்ட பண் ஒன்று ஈண்டு இல்லை. அன்றியும், சுண்ணம் இடிக்கும் மகளிர் பாட்டையும், ஊசலாடுவார் பாட்டையும், அம்மானை ஆடுவார் பாட்டையும் எடுத்துச் சிவபெருமானுக்கு உரியவாக்கியவர் மணிவாசகப் பெருமானே அன்றோ? தெருவிலும் முற்றத்திலும் வழங்கிய பாட்டு எட்டாந் திருமுறையுள் ஏறியிருக்க, மலையடிவாரத்து நாட்டுப்பாடலிற் பயின்ற ஒருவர் அதனைத் தொடலாகாது என்பது எங்ஙனம் பொருந்தும்? திருப்பொற்சுண்ணத்தில் அந்நாட்டுப்பாடலின் மிடுக்கு அவர்க்குக் கைகொடுத்துள்ளது.

இந்நூலிசையை 'சிம்பொனி' என வழங்குதல் பிழை. சமயப் பொருளைத் தனிக்குரலும் குழுக்குரலும் கருவித்திரளுமாகப் பாடும் ஒரட்டோரியோ என்பதே இதற்கு நேரான பெயர். அவ்வடிவின் இயல்பை உணர்ந்தாற்றான் இதன் வெற்றியும் தளர்ச்சியும் விளங்கும். யாத்திரைப்பத்து அடியார் பலரை விளித்து உடன் புறப்படுமாறு அழைப்பது. பல குரல் எழுதல் அங்குப் பொருளோடு இயைகின்றது. அச்சப்பத்தோ, பாம்பு முதலியவற்றிற்கு அஞ்சாத ஒருவன் அன்பிலாரைக் கண்டவழி அஞ்சுதலைக் கூறுவது. அவ்வச்சம் உரத்த முழக்கத்தைக் காட்டிலும் தனிக்குரலின் நடுக்கத்திலேயே நன்கு புலப்படும்.

ஆராய்தற்குரிய இடம் சிவபுராணமே. அதனுட் சில அடிகளோடு, 'காட்ஸ்பெல்' இசைநாடகத்திற்குப் பாட்டியற்றிய ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் என்பாரின் ஆங்கில வரிகள் கலக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தல் குற்றமன்று, ஜி. யு. போப்பையர் 1900-இலேயே நூல் முழுவதையும் பெயர்த்தார். ஆனால் ஈண்டு எழுவது, குறையுடைய எளிய மனிதன் ஒருவனது பொது முறையீடு. மணிவாசகர் அவ்விடத்துக் கூறுவது அம்மட்டில் நில்லாது. புல்லும் புழுவும் மரமும் விலங்குமாகிய பிறவித் தொடரில் இளைத்த உயிர், மலத்தாற் கட்டுண்டமையும், தன் முயற்சியால் அன்றி அருளால் அது நீங்கியமையும் அங்குச் சொல்லப்படுகின்றன. வினையும் மலமும் விடுபட்டு வெறுங் குறைபாடு மாத்திரம் எஞ்சினால், சிவபுராணம் எந்நாட்டார்க்கும் உரிய தோத்திரமாகலாம்; சிவபுராணமாக நில்லாது. ஹாரிஸன் பாட்டிற் கலப்பே நோக்கம். அங்குச் சிதைதற்குரிய சாத்திரப்பொருள் இல்லை. இங்கு உண்டு.

இசையமைத்தவர் ஆன்மவிசாரம் புகன்ற மகரிஷிகளின் அடியவராதலின், இருமையன்பு கனிந்த திருவாசகம் அவர்க்கு ஏற்குமோ என்றும் ஐயுறலாம். அவ்வையம் வேண்டற்பாலதன்று. ரமணரே மதுரையில் இளைஞராயிருந்தபோது பெரியபுராணம் படித்து உருகியவர். இளையராஜா தம் குரலிலேயே பாடும் இடங்களில் வித்தகத்தைக் காட்டும் முனைப்பு அடங்கி, சொல் முன்னிற்கின்றது. பாடுதல் சரியைத் தொண்டாவது அவ்விடத்தேயாம். கையிலிருப்பது யாழா, கித்தாரா என்பது அதன்பின் வரும் வினா. ஐம்பத்தொரு பகுதிகளுள் ஆறே இவ்வாறு இசை பெற்றன. ஏலக்காய் எடுப்பார் ஊர்களின் பாட்டுமரபினின்று வந்த அவருக்கு மிக இயைந்த திருவம்மானையும் திருப்பொன்னூசலும் அவ்வாறனுள் இல்லை.