மறையும் மாயாவி, மறையாத நட்சத்திரம்

தமிழில் சூப்பர் ஹீரோ என்றதும் காமிக்ஸ் படித்து வளர்ந்த தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது சூப்பர்மேனோ பேட்மேனோ அல்ல; இரும்புக்கை மாயாவிதான். ஜனவரியில் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது லயன்-முத்து காமிக்ஸ் அரங்கில் நரைத்த தலைகள் கூடுவதற்கு அவரும் ஒரு காரணம். அரை நூற்றாண்டாக இத்தனை வாசகர்களைக் கட்டிப்போட்டிருக்கும் ஒரு நாயகன், சினிமாவையே மூச்சாகக் கொண்ட இந்த ஊரில் இன்னும் திரைக்கு வரவில்லை. ஏன் என்ற கேள்வியைப் பின்தொடர்ந்தால் தமிழ்த் திரையின் முகமூடி நாயகர்கள் எல்லோரையும் ஒருமுறை சுற்றி வந்துவிடலாம்.

காகிதத்தில்

மாயாவியின் பூர்வீகம் லண்டன். 1962 அக்டோபரில் தொடங்கிய ‘வேலியன்ட்’ வார இதழில் கென் பல்மர் எழுத, ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த தொடர் அது. பின்னர் டாம் டல்லி எழுதினார். சோதனைக்கூட உதவியாளர் லூயிஸ் கிராண்டல் விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறார். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். தொடக்கத்தில் குற்றவாளியாகத் திரிந்தவர் பிறகு உளவு அமைப்பில் சேர்ந்து நாயகனாகிறார்.

1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’தான். லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ என மற்ற நாயகர்கள் தொடர்ந்தார்கள். 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கி ஸ்பைடரையும் இரும்பு மனிதன் ஆர்ச்சியையும் கொண்டுவந்தது. ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். சூப்பர்மேன் கதை ஒன்றைக்கூடப் படிக்காத தமிழ்ச் சிறுவன், அவனைப் படைத்தவரின் கற்பனையைச் சிவகாசி அச்சில் படித்துக்கொண்டிருந்தான். அதே 1984இல் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தது. அதில் லீ ஃபாக்கின் ஃபேன்டம், ‘முகமூடி வீரர் மாயாவி’ ஆனார். ஆக, தமிழில் மாயாவிகள் இருவர்: ஒருவர் உடலை மறைப்பவர், மற்றவர் முகத்தை மறைப்பவர்.

முகமூடிக்கு முன்னோர்

திரையில் முகமூடி நாயகன் காமிக்ஸுக்கு முன்பே வந்துவிட்டான். நாமக்கல் கவிஞரின் நாவலைப் பட்சிராஜா நிறுவனம் 1954இல் ‘மலைக்கள்ளன்’ ஆக எடுத்தது. பகலில் செல்வந்தர், இரவில் கள்ளன் என்ற இரட்டை வாழ்க்கை, சூப்பர் ஹீரோ கதையின் அடிப்படை இலக்கணம். ஆனால் அந்த வேடத்துக்குள் இருப்பது எம்.ஜி.ஆர். என்பதைக் கொட்டகையில் அறியாதவர் இல்லை. அறிந்து ரசிப்பதுதான் அங்கே விருந்து. அந்த நட்சத்திர ஆளுமை, தமிழில் சூப்பர் ஹீரோவுக்கு உரிய இடத்தை முன்கூட்டியே நிரப்பிவிட்டது. பறக்காமலேயே அவர் பத்துப் பேரை வீழ்த்தினார். அதற்கு யாரும் அறிவியல் விளக்கம் கேட்கவில்லை. அவருக்குப் பின் வந்த நட்சத்திரங்களுக்கும் அதே சலுகை கிடைத்தது. சாதாரண நாயகனே அசாதாரணன் என்றான பிறகு, தனியாக ஒரு சக்தி எதற்கு?

உடை போட்ட நாயகர்கள்

இந்தக் கேள்வியோடு மோதிய படங்கள் 2009 முதல் 2012 வரை வரிசையாக வந்தன. சுசி கணேசனின் ‘கந்தசாமி’யில் விக்ரம் சேவல் வேடம் பூண்டார். திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் பக்தர்கள் கட்டும் வேண்டுதல் சீட்டுகளைப் படித்து நிறைவேற்றும் சி.பி.ஐ. அதிகாரி அவர். வெளிநாட்டு வௌவாலுக்குப் பதிலாக முருகனின் சேவலைத் தேர்ந்தது நல்ல யோசனை. மூன்று மணி நேர மசாலாவில் அது கரைந்துபோனது. ‘வேலாயுதம்’ (2011) படத்தில் பத்திரிகையாளர் ஒருவர் கற்பனையாக எழுதிய பெயர் விஜய்யின் மேல் வந்து அமர்கிறது. முக்காடு இருந்தது, ஆனால் விஜய்யின் முகத்தை வெகுநேரம் மறைத்து வைக்க எந்தத் தமிழ் இயக்குநருக்குத் துணிவு வரும்?

மிஷ்கின் துணிந்தார். ‘முகமூடி’ (2012), ஜீவாவின் முகத்தை முழுதாக மூடியது. குங்ஃபூ கற்ற இளைஞன், உடையும் கருவியும் செய்து தரும் தாத்தாக்கள், அவனுக்கு நிகரான வில்லனாக நரேன் என்று காமிக்ஸ் இலக்கணத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த படம். எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை. கோடம்பாக்கம் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ‘தமிழுக்குச் சூப்பர் ஹீரோ ஒத்துவராது’ என்பது. என் பார்வையில் அது தவறான பாடம். அந்த உடை பேட்மேனின் கோதம் நகரத்தின் நினைவில் தைக்கப்பட்டது; சென்னையின் எந்தத் தேவையும் அதைக் கேட்கவில்லை.

முகத்தை மறைக்காத வழிகள்

வென்ற படங்கள் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போயின. ‘எந்திரன்’ (2010) எளிய வழியைக் கண்டது: இயந்திரத்துக்கே ரஜினியின் முகத்தைக் கொடுத்துவிட்டது. சிட்டி என்ற அந்த இயந்திரத்துக்கு எல்லா சக்தியும் உண்டு, முகமூடி மட்டும் தேவையில்லை. மறு ஆண்டே ஷாருக்கானின் ‘ரா.ஒன்’ படத்தில் சிட்டி எட்டிப்பார்த்தது, 2018இல் ‘2.0’ வந்தது.

தொலைக்காட்சி வழியாக வந்த பாதிப்பு வேறு வகை. தூர்தர்ஷனில் 1997இல் தொடங்கிய ‘சக்திமான்’ பார்த்த பிள்ளைகள் வளர்ந்து இயக்குநர்களாகி, ரசிகர்களாகி நின்றபோது ‘ஹீரோ’ (2019) போன்ற படங்கள் பிறந்தன. மொழிமாற்றப் படங்கள் இன்னொரு கிளை. 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழில் வந்தபோது ஏ.ஆர்.முருகதாஸ் வசனம் எழுத, அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். பழகிய குரல் கவசத்துக்குள்ளிருந்து வந்தது பலருக்கு ஒட்டவில்லை.

அதே குரல் நான்கு ஆண்டுகள் கழித்துச் சரியான இடத்தில் அமர்ந்தது. மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’ (2023) நாயகன் சத்யா, நாளிதழில் படக்கதை வரையும் பயந்தாங்கொள்ளி. அவன் குடும்பம் குடிசைப் பகுதியிலிருந்து தரமற்ற அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் துரத்தப்படுகிறது. அவனுக்கு மட்டும் வானத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அடுத்து அவன் செய்யப்போவதைப் படக்கதையின் வர்ணனைபோலச் சொல்கிறது. அந்தக் குரல் விஜய் சேதுபதியுடையது. காமிக்ஸ் கட்டத்தின் மேல்மூலையில் இருக்கும் வர்ணனை வரியையே சக்தியாக மாற்றிய யோசனை இது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் உள்ள நகரத்துக்கு, அந்தச் சக்தி எதற்கு வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டில் வந்த ‘வீரன்’, மின்னல் தாக்கிச் சக்தி பெற்றவனை ஊர்க் காவல் தெய்வத்தின் வேடத்தில் நிறுத்தியது.

அண்டை மலையாளம் இன்னும் தூரம் போய்விட்டது. ‘மின்னல் முரளி’ (2021) ஒரு கிராமத் தையற்காரனுக்குச் சக்தி கொடுத்தது. அதன் மறக்க முடியாத வில்லன், கூத்துப்பட்டறையில் பயின்ற குரு சோமசுந்தரம். ‘லோகா’ (2025) கள்ளியங்காட்டு நீலியின் கதையைத் தொட்டுப் பெண் நாயகியை முன்னிறுத்தியது.

இனி

‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் படம் எடுக்கும் ஆசையை லோகேஷ் கனகராஜ் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். அதையொட்டி சூர்யா பெயரும் அடிபட்டது. 2025 முடிய அது திரைக்கு வரவில்லை. இதற்குச் செலவைக் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் மாயாவியின் சக்தி காணாமல் போவது. நம் நட்சத்திரத்தின் மூலதனம் கண்ணில் படுவது. கதை உச்சத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் நாயகனின் முகம் திரையிலிருந்து மறைய வேண்டும். அறிமுகக் காட்சிக்கே விசில் எதிர்பார்க்கும் சினிமா இதற்கு எளிதில் இணங்காது.

ஆகவே அந்தக் கதைக்கு நட்சத்திரத்தைத் தேடுவதை நிறுத்தலாம். ஓ.டி.டி. தொடராகவோ, நல்ல அனிமேஷனாகவோ, புதுமுகத்தை வைத்தோ எடுக்கலாம். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மூர் மார்க்கெட்டிலும் லஸ் முனை நடைபாதையிலும் கைமாறிய பழைய முத்து, லயன், ராணி இதழ்கள் இன்று பெரும்பாலும் தனியார் சேகரிப்பாளர்களின் அலமாரிகளில் இருக்கின்றன. தரமணி ரோஜா முத்தையா நூலகமும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் அவற்றை முழு வரிசையாகத் திரட்டிப் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். பரணில் பழைய கட்டு வைத்திருப்பவர்கள், எடைக்குப் போடுமுன் இந்த நூலகங்களை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.