ஓரியும் மதவேளும் சந்தாதாரரும்

நம் சிறு பத்திரிகைகளில் அதிகமாக எழுதப்பட்டிருக்கும் இலக்கிய வகை எது என்று கேட்டால் புதுக்கவிதை என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. சந்தா கேட்டு எழுதப்படும் அரைப்பக்கக் குறிப்புதான் என்று நினைக்கிறேன். பின்னட்டையின் உள்பக்கத்தில், அல்லது ஒரு கவிதை முடிந்து மிஞ்சிய இடத்தில், பொடி எழுத்தில் அது இருக்கும். கவிதையை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்திருக்கிறோம். இந்த உரைநடையை யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. எடுத்துக்கொள்ள வேண்டிய சமாசாரம்தான். ஒரு பத்திரிகை தன் வாசகனைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்பது தலையங்கத்தில் தெரிவதைவிட இங்கேதான் நன்றாகத் தெரிகிறது.

இந்தக் குறிப்புகளில் அடிக்கடி கேட்கும் குரல் தியாகியின் குரல். காகித விலை ஏறிவிட்டது, கைக்காசு கரைந்துவிட்டது, ஆனாலும் நடத்துகிறோம் என்கிற குரல். இதற்கு அடுத்தபடி சாட்டைக் குரல்: வியாபாரப் பத்திரிகைக் குப்பையை லட்சக்கணக்கில் வாங்கும் சமூகம் இதற்குப் பத்து ரூபாய் தரமாட்டேன் என்கிறது, வெட்கம். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரண்டிலும் வாசகன் இல்லை. முதலாவதில் ஆசிரியர் இருக்கிறார். இரண்டாவதில் எதிரி இருக்கிறான். படிக்கிறவன், அவனுக்கு என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும், வராவிட்டால் யாரைக் கேட்பது என்பவற்றுக்கு அரைப்பக்கத்தில் ஒரு வரிகூட மிஞ்சுவதில்லை. சந்தாதாரர் எண்ணிக்கை ஏன் ஏறுவதில்லை என்று பிறகு ஒரு கூட்டம் போட்டுப் பேசுகிறோம்.

கொல்லிமலையின் பெயரை ஒரு சிறு பத்திரிகை வைத்துக்கொண்டது. குமரி மாவட்டத்துக்காரரான ராஜமார்த்தாண்டன் 1976இல் தொடங்கிய 'கொல்லிப்பாவை'. கொல்லியின் மேற்குச் சரிவில் தெய்வம் சமைத்த பாவை ஒன்று உண்டு என்பது சங்கப் பாட்டுக்காரர்கள் கேட்டும் சொல்லியும் வந்த செய்தி. காற்று மோதினாலும் மழை அடித்தாலும் இடி விழுந்தாலும் அது தன் வடிவம் கெடாது என்று நற்றிணையில் வருகிறது. பின்னால் வந்த வழக்கு அதைச் சிரித்து மயக்கிக் கொல்லும் பொறியாக்கிவிட்டது. வடிவம் கெடாதது, கிட்ட வந்தவனைக் கொல்வது என்ற இந்த இரண்டு அர்த்தமும் சிறு பத்திரிகைக்குப் பொருந்தும். என்ன, கிட்டப் போய் அகப்பட்டுக்கொள்கிறவர் பெரும்பாலும் ஆசிரியராகவே இருக்கிறார்.

அந்த மலையிலேயே நம் விஷயத்துக்கு வேண்டிய இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் வல்வில் ஓரி. வேட்டையாடிக்கொண்டிருந்தவனை இன்னான் என்று தெரியாமலே வன்பரணரும் அவர் கூட்டத்தாரும் காட்டில் சந்திக்கிறார்கள். பாடுகிறார்கள். பாட்டில் தன்னைக் குறித்த சொல் வந்ததும் அவன் நாணுகிறான். சுட்ட மானிறைச்சியும் பொன்னும் மணியும் அந்தக் காட்டிலேயே கொடுத்து அனுப்புகிறான். புறநானூறு 152ஆம் பாட்டில் உள்ள இந்த நாணத்தை உரைக்காரர்கள் வள்ளலின் அடக்கம் என்பார்கள். எனக்கு அது இலக்கியப் பொருளாதாரத்தின் ஒரு முறையாகவும் தெரிகிறது. பணம் தருகிறவன் பாட்டிலிருந்து விலகி நிற்கிற முறை.

மற்றவர் மதவேள். கொல்லிமலை அறப்பளீசுரர் மேல் அம்பலவாணக் கவிராயர் பாடிய சதகத்தை எடுத்துப் பாருங்கள். நல்ல மனைவி, தீய நட்பு, மருத்துவர், கணக்கர், சகுனம் என்று பாட்டுக்குப் பாட்டு விஷயம் மாறும். ஈற்றடி மாறாது. தினமும் மதவேள் மனத்தில் நினைக்கிற தேவனே என்று ஒவ்வொரு பாட்டும் முடியும். சிவன் மேல் பாடிய நூறு பாட்டிலும் ஆதரித்தவர் பெயர் சந்தத்தோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடுங்கினால் யாப்பு கெடும். கவிராயரைக் குறை சொல்ல வரவில்லை. அந்தக் காலத்துக் கொடுக்கல் வாங்கல் அப்படி. ஆனால் பணம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கு ஈற்றடி திரும்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். இன்று சிறு பத்திரிகை என்று பெயர் வைத்துக்கொண்டு வரும் சிலவற்றில், கடைசிப் பக்க விளம்பரம் தந்த கல்லூரித் தாளாளரின் கவிதை நடுப்பக்கத்தில் இருக்கிறது. மதவேளாவது தெய்வத்தோடு சேர்ந்து வந்தார்.

நம் சிறு பத்திரிகைச் சரித்திரத்தில் உயர்வாக நினைக்கப்படும் பலவும் ஓரி வழியில் நடந்தவை. கொல்லிமலைக்குப் பக்கத்திலுள்ள சேலத்தில் 1968 முதல் 1970 வரை 'நடை' வந்தது. ஆசிரியர் கோ. கிருஷ்ணசாமி. பின்னால் நின்று இயக்கியவர் சி. மணி. தன் எழுத்துக்குக்கூட அவர் வே. மாலி என்றும் செல்வம் என்றும் வேறு பெயர்களை இட்டுக்கொண்டார். பெயர் வந்தால் நாணுகிற ஓரியேதான். எட்டு இதழ்கள். அந்த எட்டில் இருந்த கனம் பிறகு எண்பது இதழ் போட்டவர்களிடம் இல்லை. ஆனால் ஓரி வழியின் கஷ்டம் என்னவென்றால் அது கொடுப்பவரோடு தொடங்கி அவர் களைத்ததும் முடிந்துவிடுகிறது. வாசகன் அதில் விருந்தாளி. விருந்தாளிக்குப் பொறுப்பு கிடையாது. வராத விருந்தைப் பற்றிக் கேட்கும் உரிமையும் கிடையாது.

சந்தாதாரர் இந்த இருவரிலும் சேராத மூன்றாவது ஆள். ஓரி பெயரை மறைத்துக்கொண்டு நிறையக் கொடுத்தான். மதவேள் கொடுத்ததற்குப் பெயரை வாங்கிக்கொண்டார். சந்தாதாரர் கொடுப்பது கொஞ்சம் பணமும் தன் பெயரும் முகவரியும். அந்தப் பெயர் பாட்டில் வருவதில்லை, உறைமேல் வருகிறது. தமிழ் இலக்கியத்தில் இப்படி ஒருவர் தோன்றியதே அச்சும் தபாலும் வந்த பிறகுதான். அவரை எப்படி நடத்துவது என்று நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. புரவலர் என்று கும்பிடுகிறோம், அல்லது பாமரன் என்று திட்டுகிறோம்.

இதைப் புரிந்துகொண்டிருந்தவர் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' முதல் ஏட்டை வெளியிட்டபோது இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சாகாது என்றும், பதிவு செய்துகொள்பவர்களுக்குத்தான் கிடைக்கும் என்றும் அறிவித்தார். இந்த அறிவிப்பை இரண்டு விதமாகத் தப்பாகப் படித்திருக்கிறார்கள். பிடிக்காதவர்கள் இதை மேட்டிமை என்றார்கள். பிடித்தவர்கள் இதையே கொடியாகப் பிடித்து, வாசகர் குறைவாக இருப்பது தரத்துக்கு அத்தாட்சி என்றொரு சித்தாந்தம் கட்டினார்கள். இரண்டாவதுதான் அதிகச் சேதம் செய்தது. அந்த இரண்டாயிரத்தை 'எழுத்து' எட்டவே இல்லை. எட்டாத எல்லையை ஒருவர் விதிக்கிறார் என்றால் அவர் கவனம் எல்லையில் இல்லை. பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. கடையில் தொங்குவதைப் போகிற போக்கில் வாங்கிப் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகும் ஆள் எனக்கு வேண்டாம், பெயரைச் சொல்லிக் கேட்கிற ஆள் வேண்டும் என்பது அதன் பொருள். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் வந்தாலும் செல்லப்பாவுக்குச் சந்தோஷம்தான். இல்லையென்றால் எழுத்து பிரசுரப் புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக அவர் ஏன் ஏறி இறங்க வேண்டும்? சிறிய எண்ணிக்கையை ரசித்த மனிதர் செய்கிற காரியமா அது? 1962இல் 'புதுக்குரல்கள்' 24 கவிஞர்களோடு வந்தபோது அதற்கு வாசகனை அவர் நடந்து நடந்துதான் சேர்த்தார். 1970இல் 'எழுத்து' நின்றது. 119 ஏடுகள். 'நடை'யின் எட்டோடு ஒப்பிட்டால் எந்த முறை எவ்வளவு தூரம் தாங்கும் என்பது ஓரளவு தெரியும்.

வெளியூர் உதாரணங்களைக் காட்டி வாயடைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. எலியட்டின் 'கிரைடீரியன்' ஆயிரம் பிரதிகூடப் போகவில்லை, ஆனால் 1922இல் அதன் முதல் இதழிலேயே 'வேஸ்ட் லாண்ட்' வந்தது, ஆகையால் எண்ணிக்கை முக்கியமல்ல என்பார்கள். அதன் பின்னால் முதலில் ஒரு பத்திரிகை முதலாளி வீட்டுச் சீமாட்டியும் பிறகு ஒரு பதிப்பகமும் நின்றதைச் சொல்வதில்லை. சிகாகோவில் 1912இல் 'பொயட்ரி' தொடங்கிய ஹாரியட் மன்றோ இந்த விஷயத்தில் அதிகக் கெட்டிக்காரி. வருஷத்துக்கு ஐம்பது டாலர் வீதம் ஐந்து வருஷம் தருவதாக நூறு பேரிடம் முதலிலேயே வாக்கு வாங்கிக்கொண்டார். கவிஞர்களுக்குக் காசும் கொடுத்தார். அந்த அம்மாளுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. நம்மவர்களுக்குக் கணக்கு என்றாலே கவித்துவத்துக்குத் தீட்டு.

மறுபடி கொல்லிமலைக்கு வருகிறேன், இந்தத் தடவை பாட்டுக்கு அல்ல, சாமைக்கு. மலையில் பரம்பரையாகச் சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்களில் மரவள்ளி ஏறிவிட்டது. கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி வேண்டும். பணம் உடனே வரும். மலைவாசிகளின் நாக்கு மாறிவிட்டது என்றுதான் மேலோட்டமாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அங்கே வேலை செய்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டது வேறு. ருசி போகவில்லை. சாமையை உரலில் போட்டு உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை, அதனால்தான் அடுப்பிலிருந்து சாமை இறங்கியது என்பது ஒரு முக்கியமான காரணமாக இருந்தது. ஊருக்குள் உமி நீக்கும் இயந்திரம் வந்தது. விதை வங்கி வந்தது. மகளிர் குழுக்கள் அதை ஏற்று நடத்தின.

நம் வாசகன் விஷயத்திலும் நாம் நாக்கைத்தான் பழிக்கிறோம். ரசனை கெட்டுவிட்டது, டெலிவிஷன் கெடுத்தது, கைபேசி கெடுத்தது. இருக்கலாம். ஆனால் இதழ் குறித்த தேதியில் வந்ததா, சந்தா முடிந்தால் ஒரு கார்டு போட்டோமா, முகவரி மாறியவருக்கு இதழ் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தோமா? ஒரு பத்திரிகைக்கு - பெயர் வேண்டாம் - இரண்டு வருஷச் சந்தா கட்டி மூன்று இதழ் பெற்றேன். நான்காவதற்குப் பதில், சூழலின் அசமந்தத்தைச் சாடி ஒரு சுற்றறிக்கை வந்தது. உமியை வாசகன் தலையில் கட்டிவிட்டு அவனுக்குச் சாமை பிடிக்கவில்லை என்கிறோம்.

இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது என்பதும் தெரியும். அதிகமாகத் தீட்டினால் சாமையில் தவிடும் போய்விடும், வெறும் வெள்ளை மிஞ்சும். வாசகனுக்குச் சிரமம் கூடாதென்று கவிதையின் கடினத்தையே உரித்தெடுத்துவிட்டால் கிடைப்பது வியாபாரப் பத்திரிகை. அதற்குச் சிறு பத்திரிகை வேண்டாம். கவிதை எவ்வளவு வேண்டுமானாலும் கடினமாக இருக்கட்டும். அதை வாங்குவது ஏன் கடினமாக இருக்க வேண்டும்?

1898ஆம் வருஷத்து இந்திய அஞ்சல் சட்டம் செய்தித்தாள் சலுகை பெற இரண்டு நிபந்தனை வைத்தது. முப்பத்தொரு நாளுக்கு ஒருமுறையாவது வெளிவர வேண்டும், உண்மையான சந்தாதாரர் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். அழகியல் தெரியாத வெள்ளைக்கார அதிகாரி எவரோ எழுதிய வாசகம். பத்திரிகை என்றால் என்ன என்பதற்கு நம் அறிக்கைகள் பலவற்றையும்விட இது கிட்டத்தில் இருக்கிறது. நம்மில் பலர் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுக்கொண்டு பதிவையும் தேதியையும் பட்டியலையும் ஒரேயடியாகக் கைகழுவினோம். அதில் ஒரு சுதந்திரம் இருந்தது, மறுக்கவில்லை. காலாண்டிதழ்காரனுக்கு வேறு வழியும் இல்லை. அந்தச் சட்டமும் 2024 ஜூனில் போய்ப் புதுச் சட்டம் வந்துவிட்டது. அதே வருஷம் டிசம்பரில் பதிவு நூலஞ்சலை நிறுத்தினார்கள். 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று வந்தது. அது புத்தகங்களுக்கு. குறித்த இடைவெளியில் வரும் வெளியீடுகளுக்கு அதில் இடமில்லை. ஆக, ஒழுங்காக வருவதே இப்போது ஒருவகையில் தண்டனைக்குரிய விஷயம். தபால் செலவு இதழின் விலையைத் தொடும்போது சந்தாதாரர் ஒவ்வொருவரும் நஷ்டக் கணக்கில் ஏறுகிறார்கள். எண்ணிக்கையைக் கூட்டுவது பற்றிப் பேசும்போது முதலில் பேச வேண்டிய சங்கதி இது. பேசுவதில்லை, ஏனென்றால் இதில் தியாகம் தெரியாது.

எந்த எண்ணைக் கூட்டுவது என்ற கேள்வியும் இருக்கிறது. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஐந்நூறு சந்தாதாரர்கள். வருஷ முடிவில் முந்நூறு பேர் விலகி, புத்தகக் கண்காட்சியில் நண்பர்கள் கையைப் பிடித்து இழுத்ததில் முந்நூறு பேர் புதிதாகச் சேர்கிறார்கள். மறுபடி ஐந்நூறு. ஆசிரியருக்குத் திருப்தி. உண்மையில் அந்தப் பத்திரிகைக்கு இருநூறு வாசகர்கள்தான். மற்றவர்கள் தாட்சண்யம் பார்த்தவர்கள். இரண்டாம் வருஷம் யாரும் கேட்காமலே பணம் அனுப்புகிறவர்தான் சந்தாதாரர். அவர் ஏன் அனுப்பினார், மற்றவர் ஏன் அனுப்பவில்லை என்று எழுதிக் கேட்கிற ஆசிரியருக்கு விமர்சனம் என்றால் என்னவென்றும் தெரிந்துவிடும். நம் விமர்சனங்கள் படைப்பாளிகளுக்கு எழுதப்படுகின்றன, படைப்பாளிகளால் மறுக்கப்படுகின்றன. எழுதாமல் படிக்க மட்டும் செய்கிற ஒருவர் எந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார் என்பது நமக்கு வந்து சேருவதே இல்லை. வந்து சேரக்கூடிய ஒரே வழி அந்தப் பட்டியல்தான்.

இன்று பணம் அனுப்ப மணியார்டர் பாரம் தேட வேண்டியதில்லை, கைபேசியில் ஒரு நிமிஷம். அது வந்தும் நம் குறிப்புகளின் குரல் மாறவில்லை. வங்கி எண்ணுக்கு மேலே அதே தியாகி, கீழே அதே சாட்டை. அடுத்த இதழ் எந்தத் தேதியில் வரும் என்பதற்கு மட்டும் இன்னும் இடம் போதவில்லை.