ஆய்வகத்திற்கும் பட்டறைக்கும் இடையே

வாசகரே, இரும்புக் கதவின் துருவைத் தடுக்க வலையபட்டிப் பட்டறைக்காரர் யாரிடம் யோசனை கேட்பார்? பெயிண்ட் கடைக்காரரிடம்தான். அருகே காரைக்குடியிலோ, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்து எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் (ஊரார் வாயில் ‘சிக்ரி’) 1953 முதல் இயங்குகிறது; துருவும் அதன் ஆய்வுப் பொருளே!

அரசு ஆய்வகங்களின் கண்டுபிடிப்புகளைத் தொழிலுக்குக் கொண்டுசேர்க்கவென்றே தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் அதே 1953இல் டில்லியில் அமைந்தது. கட்டணம் பெற்று உரிமம் வழங்குவது அதன் வழக்கம். காஸ்டிக் சோடா ஆலைக்கு அம்முறை பொருந்தும். தேய்ந்துகொண்டே மின்சாரத்தை விழுங்கும் கிராபைட் நேர்மின்வாயை நீக்கி டைட்டானியத்திற்கு மாற, அங்கே பொறியாளரும் இருந்தனர், பணமும் இருந்தது. பட்டறைக்காரருக்கு வேண்டியது உரிமமன்று. இரும்பை அமிலத்தில் எவ்வளவு நேரம் முக்குவது என்று உடனிருந்து காட்டும் ஓர் ஆள். மாவட்டத் தொழில் மையத்தில் மின்வேதியியல் அறிந்த ஒருவரையாவது இதற்கென அமர்த்தினால் என்ன?